குற்றாலத்து மங்குஸ்தான்

“ஒனக்கு எந்த ஊரு பாக்கணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லு.”

“குற்றாலம்.”

“போயும் போயும் குற்றாலமா? நீ ஊட்டி கேப்பன்னு பாத்தேன். அங்க இன்னா இருக்குது?”

“அங்க தண்ணிய நாம தூக்க வேணாமாமே. அதுவா வந்து தலைமேல கொட்டுமாம்.”

“பார்றா! அதான் ஒன் கஷ்டமா? நம்ம வூட்ல இப்ப மோட்டாரு போட்டாச்சு. இனிமே கொடம் தூக்குற வேலையே ஒனக்கு இல்ல. வர்ற ஆடிக்குக் குற்றாலம். மொத சீட்டு ஒனக்குத்தான்.”

“நெஜமாவா?”

“புது வண்டி மேல சத்தியம்.”

இந்தப் பேச்சு நடந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஓமந்தூரில் வெண்ணிலாவின் அம்மா வீட்டு வாசலில். அவள் கைபம்பில் அடித்த தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தேவநாதன் புது வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு மேலே, வண்டியின் நெற்றியில், ‘வெண்ணிலா’ என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் காயவில்லை.

அந்தப் பெயர் அதற்கப்புறம் ஊட்டி மலை ஏறி இறங்கியது. மூணாறு போனது, ராமேசுவரம் போனது, குற்றாலத்துக்கு மட்டும் பதினாறு தடவை போனது. பெயருக்குரியவள் திண்டிவனத்து வீட்டில் இருபத்திரண்டு மாடிப்படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள், இடுப்பில் குடத்தோடு.

மோட்டார் இருந்தது உண்மைதான். ஆனால் அது இறைப்பது போர்த் தண்ணீர், உப்பு. குளிக்கலாம், துவைக்கலாம், செடிக்கு ஊற்றினால் நான்கே நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிடும். மாடியில் நாற்பத்தேழு செடித் தொட்டிகள். அவற்றுக்கு நகராட்சிக் குழாயின் நல்ல தண்ணீர்தான் வேண்டும். அது வாசல் தண்ணீர்த் தொட்டியோடு நின்றுவிடும், மாடிக்கு ஏறாது. தினம் பதினான்கு குடம்.

வீட்டில் சும்மா இருப்பவளும் இல்லை அவள். தேவநாதன் வேனில் நடத்தும் டூருக்குப் போன் எடுப்பது, பெயர் எழுதுவது, யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது, வாந்தி எடுப்பவர்களுக்கு ஜன்னல் ஓரம் ஒதுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. பி.காம். படித்த கையெழுத்து, சீட் நோட்டில் முத்து முத்தாக இருக்கும். முதல் மூன்று வருஷம் குற்றாலம் டூர் போடும்போதெல்லாம் முதல் எண்ணுக்கு நேராகத் தன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்தாள். பேனாவால் எழுதக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசி நாளில் யாராவது கூப்பிடுவார்கள். “எங்க மாமியாருக்கு மட்டும் ஒரு சீட்டு பாத்துப் போடும்மா. முட்டி வலி. முன்னாடி சீட்டா இருந்தா புண்ணியமா போவும்.” தேவநாதன் அவளைப் பார்ப்பான். அவளே ரப்பரை எடுத்து அழிப்பாள். தானே அழித்ததால் அவனைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.

முதல் தடவை அப்படி அழித்துவிட்டு, அவன் கிளம்பிப் போனதும் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள். ஐந்தாம் நாள் அவன் திரும்பி வந்தபோது பேசக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். கதவைத் திறந்தால், சட்டையெல்லாம் மண்ணாக, கையில் கறுப்புக் கவரில் ஒரு செடியோடு நின்றான். மார்க் ஷீட்டில் கையெழுத்து வாங்க வந்த பையன் மாதிரி முகம்.

“மங்குஸ்தான். குற்றாலத்துல மட்டும்தான் வருமாம். ஒனக்குன்னு வாங்கினு வந்தேன். நீதான் போவ முடியல, குற்றாலமாச்சும் ஒன்னாண்ட வரட்டும்னு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சிரித்தது அவள் செய்த தப்பு. வெண்ணிலாவுக்குச் செடியென்றால் உயிர் என்று அவன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். போகிற இடமெல்லாம் சொன்னான். அப்புறம் ஒவ்வொரு டூருக்கும் ஒரு செடி வந்தது. ஏற்காட்டிலிருந்து காபி. மூணாறிலிருந்து ஏலக்காய். கொல்லிமலையிலிருந்து மிளகு. எந்தச் செடி வந்தாலும் குச்சி வைத்து, பச்சை வெள்ளைக் கட்டம் போட்ட துணிக் கிழிசலால் கட்டியிருக்கும். “வண்டி ஆட்டத்துல ஒடியாம இருக்கணுமில்ல, நானே கட்டினேன்” என்பான். அந்தத் துணியை அவிழ்த்து எறிய அவளுக்கு மனசு வராது. மடித்து, தையல் டப்பாவில் போட்டு வைப்பாள்.

செடியோடு ஒரு கதையும் வரும். தோட்டக்காரன் தரமாட்டேன் என்றது, இவன் கெஞ்சியது, மழையில் ஒரு மைல் நடந்தது. அந்தக் கதைகளுக்காகவே அவள் தண்ணீர் தூக்கினாள் என்றுகூடச் சொல்லலாம். தொட்டிகளுக்கு ஊர்ப் பெயர்தான். “மூணாறு வாடுதே”, “ஏற்காட்டுல எறும்பு” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு மாடியில் சுற்றுவாள். பக்கத்து வீட்டு ரோஜா கேட்டுவிட்டுக் கேலி செய்வாள். “அக்கா, காலையில எந்திரிச்சி இந்தியாவையே ஒரு ரவுண்டு அடிச்சிட்டு எறங்குறியே!”

ஐந்து வருஷத்துக்கு முன்னால் நாய் வந்தது. “ராஜபாளையத்துல வாங்கினேன். நீ தனியா இருக்கிற இல்ல” என்று பனியனுக்குள்ளிருந்து ஒரு குட்டியை எடுத்து அவள் மடியில் விட்டான். ராஜபாளையம் நாய் என்றால் வெள்ளையாக, உயரமாக இருக்குமாம். இது செம்மண் நிறம், குட்டைக் கால், வால் நுனியில் மட்டும் சுண்ணாம்பு தொட்ட மாதிரி ஒரு வெள்ளை. “வளந்தா மாறும்” என்றான் தேவநாதன். மாறவில்லை. பாளையம் என்று பெயர் வைத்தார்கள். அது வெண்ணிலா தட்டில் போட்டால்தான் தின்னும். வெளியாள் யார் வாசலைத் தாண்டினாலும் கெண்டைக்காலைக் குறி பார்க்கும்.

போன வருஷம் மகள் கலைப்பிரியாவைத் திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். சேர்த்தார்கள் என்றால் தேவநாதன் சேர்த்தான். “ரெண்டு நாள் ஆவும். நாய யார் பாக்குறது? செடி? நான் போய் வுட்டுட்டு வந்துர்றேன்.” வேன் தெருமுனை திரும்பும்வரை மகள் கை ஆட்டிக்கொண்டே போனாள். அன்றைக்கும் பதினான்கு குடம்.

ரோஜா வருஷா வருஷம் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ரயிலில் எங்காவது போய்வருவாள். நான்கு வருஷமாக வெண்ணிலாவைக் கூப்பிடுகிறாள். முதல் வருஷம் பாளையத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னாள். இரண்டாம் வருஷம் தனக்கு உடம்பு சரியில்லை. மூன்றாம் வருஷம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே மறந்துவிட்டது. இந்த வருஷம் ஆடிக்குக் குற்றாலம்.

“எட்டுப் பேரு. விழுப்புரத்துல செங்கோட்டை வண்டி புடிக்கிறோம். இருபத்தாறாம் தேதி. ஒனக்கும் சேத்துத்தான் டிக்கெட்டு போட்டிருக்கேன்” என்றாள் ரோஜா. “புதன்கிழமைக்குள்ள சொல்லிடுக்கா. இல்லன்னா செண்பகம் வர்றேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, அவளுக்கு ஏதாச்சும் பண்ணணும்.”

“அன்னைக்கு இவரு ராமேசுவரம் டூரு போறாரே.”

“அந்தாளு எப்பத்தான் டூரு போவல? ஒரு தடவ வூட்ல இருன்னு சொல்லு. டிரைவரு கோதண்டபாணி அண்ணன் இருக்காரே, அவரு கூட்டினு போய் வர மாட்டாரா? வாயத் தொறந்து கேட்டியா நீ?”

கேட்டதில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்ற பேச்சு எப்போதோ அவள் மனசிலிருந்து உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் இன்னொரு வாக்கியம் முளைத்திருந்தது. நான்கு வருஷமாக மாடிப்படி ஏறும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்க்கிறாள். ஐந்து நாள் நீங்கள் வீட்டில் இருங்கள், நான் போய்வருகிறேன். இருபத்திரண்டாம் படியில் அது அழகாக வரும். அவன் வாசலில் செடியோடு நிற்கும்போது மட்டும் வராது. இவ்வளவு தூரத்திலிருந்து நமக்காகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாரே, இவரிடம் போய் எப்படி என்று செடியைக் கையில் வாங்கிக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை பாளையத்துக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. தேவநாதன் கொடைக்கானல் டூரில் இருந்தான், மறுநாள்தான் வருவான். விழுப்புரத்தில் ஒரு டாக்டர் காதைச் சுத்தம் செய்து மருந்து போடுவார் என்று ரோஜாவின் கணவன் சகாயராஜ் சொன்னான். அவனுடைய ஆட்டோவிலேயே கிளம்பினார்கள். வெண்ணிலா நாயைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சகாயராஜ் தன் கெண்டைக்காலை முன்ஜாக்கிரதையாக ஒரு கோணிப்பையால் மூடிக்கொண்டான்.

வழியில் போன் வந்தது. யாரோ மயிலம் பக்கத்துப் பெண்.

“அடுத்த மாசம் குற்றாலத்துக்கு டூரு போடுறீங்களாமே. அருவித் தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்குமாம்மா? எனக்குச் சளி புடிக்கும்.”

“மொத ஒரு நிமிஷந்தாம்மா மூச்சு முட்டும். அப்புறம் பழகிடும். தலைக்கு எண்ண வெச்சிக்கினு போங்க. ரெண்டு துண்டு எடுத்துக்குங்க. பொம்பளைங்களுக்குத் தனியா கம்பி போட்டிருக்கும், அதப் புடிச்சிக்கினு நில்லுங்க.”

போனை வைத்ததும் சகாயராஜ் கண்ணாடியில் பார்த்தான். “போவாமலே இவ்ளோ கரெக்டா சொல்றியேக்கா.”

“போய் வந்தவங்க சொன்னத சொல்றேன்.”

அவன் கண்ணாடியிலிருந்து பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான்.

விழுப்புரத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. டாக்டர் காதில் மருந்து போட்டு, பாளையத்திடம் ஒரு கையுறையைப் பறிகொடுத்தார். திரும்பும்போது முண்டியம்பாக்கம் தாண்டியதும் சகாயராஜ் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினான். டீக்கடைக்குப் பக்கத்தில் பச்சை வலைப் பந்தல் போட்ட ஒரு செடிக்கடை. மத்தியான வெயிலில் அந்தப் பச்சை நிழல் இழுத்தது. மங்குஸ்தான் ஏன் இன்னும் பூக்கவில்லை என்று யாரிடமாவது கேட்கவேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக எண்ணம். போனில் படம்கூட எடுத்து வைத்திருந்தாள். பாளையத்தைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கடைக்காரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். முக்காலியில் உட்கார்ந்து கவர்களில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். “குப்பம்மா, ரெண்டு டீயா மூணு டீயா?” என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது. “மூணு சொல்லு, ஆளு வந்திருக்குது” என்று இவள் பதில் குரல் கொடுத்தாள்.

வெண்ணிலா போனை நீட்டினாள். “இத கொஞ்சம் பாருங்க. மங்குஸ்தான். பதினெட்டு வருஷம் ஆவப்போவுது, ஒரு பூ இல்ல. இன்னா ஒரம் போடணும்?”

குப்பம்மாள் போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். பெருவிரலால் இழுத்து இலையைப் பெரிதாக்கினாள். அப்புறம் சிரித்தாள்.

“எந்தப் பேமானிம்மா இத மங்குஸ்தான்னு குடுத்தான்? இது புன்ன. எல கொஞ்சம் அதே மாதிரிதான் மினுக்கும். மரக்காணம் பக்கம் போனா ரோட்டோரமெல்லாம் இதான். மங்குஸ்தானாவது, நம்ம ஊரு வெயில்ல நிக்கிறதாவது! வெச்ச வருஷமே பொசுங்கிப் போயிருக்கும். தொட்டியில வெச்சா புன்ன எங்கேர்ந்து பூக்கும்? தரையில வுட்டா மரமா நிக்கும் இந்நேரத்துக்கு.”

“குற்றாலத்துலேர்ந்து வாங்கினு வந்ததுங்க.”

“ஏமாத்திட்டானுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கவரை எடுத்தாள். மண் போட்டு, நாற்றை நட்டு, குச்சி குத்தி, பக்கத்தில் கிடந்த துணிக் கட்டிலிருந்து ஒரு கிழிசலை உருவிக் கட்டினாள்.

பச்சை வெள்ளைக் கட்டம்.

வெண்ணிலா நிமிர்ந்து பார்த்தாள். பந்தலுக்குள் இருந்த நூற்றுக்கணக்கான செடிகளிலும் அதே துணி. வரிசை வரிசையாக. காபி, மிளகு, அவள் மாடியில் இருக்கும் எல்லாம்.

“இந்தத் துணி…”

“யூனிபார்ம் துணி. எங்க ஊரு டெய்லரு வெட்டின மிச்சத்த மூட்டையா குடுத்துடுவாரு. இருவது வருஷமா இதான் கட்டுறேன். இன்னா, நல்லா இருக்குதா?”

ஏலக்காய் மாதிரி நீள இலையோடு ஒரு செடி ஓரத்தில் நின்றது. வெண்ணிலா அதைக் காட்டினாள். “அது மூணாறு ஏலக்காதானே?”

“சித்தரத்த அது. ஏலக்கான்னு சொல்லி வேணா வெச்சிக்கலாம். ஒரு டூரு வண்டிக்காரரு வருவாரு, திண்டிவனத்து ஆளு. எந்த மலைக்குப் போனாலும் திரும்பி வரச்சே இங்கதான் டீக்கு நிறுத்துவாரு. வண்டியில இருக்கிற சனம் டீ குடிக்கிற நேரத்துல ஜல்தியா உள்ள வருவாரு. ‘குப்பம்மா, இந்த வாட்டி மூணாறு. மூணாறு மாதிரி ஒண்ணு குடு’ம்பாரு. நானும் இருக்கிறதுல எது ஆவுமோ அத எடுத்துக் குடுப்பேன். அஞ்சு நிமிஷம்கூட ஆவாது.” குப்பம்மாள் மறுபடி சிரித்தாள். “பொண்டாட்டிக்குச் செடின்னா உசுராம். கொண்டு போவலன்னா வூட்டுக்குள்ள சேக்க மாட்டாளாம். நல்ல மனுசன்தான், பாவம்.”

அப்போதுதான் பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழட்டு நாய் மெதுவாக நடந்து வந்தது. செம்மண் நிறம். குட்டைக் கால். வால் நுனியில் வெள்ளை. பாளையம் அதைப் பார்த்துக் குரைக்கவில்லை. எல்லோரையும் கடிக்கப் போகிற பாளையம், வாலைத் தாழ்த்திக்கொண்டு போய் அதன் மூக்கை முகர்ந்தது.

“அட!” என்று குப்பம்மாள் மண் கையோடு எழுந்தாள். “இது இவளோட ஜாடையா இல்ல இருக்குது! அஞ்சு வருஷம் முன்ன ஆறு குட்டி போட்டா. ஒண்ண அந்த வண்டிக்காரரு எடுத்துக்கினு போனாரு. ஏம்மா, நீ யாரு?”

சகாயராஜ் டீ கிளாஸோடு பந்தல் வாசலில் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருப்பான். தலையைக் குனிந்து ரொம்ப அக்கறையாக டீயை ஊதினான்.

“அவரு வூட்ல செடிக்குத் தண்ணி ஊத்துறவ” என்றாள் வெண்ணிலா.

ஆட்டோ திண்டிவனம் வரும்வரை அவள் மனசு அந்தப் பந்தலிலேயே நின்றது. அவன் பொய் சொன்னது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. இந்த மனுஷனுக்குக் கதை கட்டுவது சுபாவம். கொடைக்கானலில் ஐந்து நாள். ஊட்டியில் நான்கு நாள். அங்கே ஏரி பார்த்து, மலை பார்த்து, மற்றவர்களின் மனைவிகளுக்குச் சால்வை வாங்க இடம் காட்டி, போட்டோ எடுத்துக் கொடுத்து எல்லாம் முடித்து, திரும்பி வந்து, விழுப்புரம் தாண்டியதும்தான் அவனுக்கு அவள் ஞாபகம் வந்திருக்கிறது. வீட்டுக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது. டீ ஆறுகிற நேரத்தில். பத்தொன்பது வருஷத்தையும் அவள் அந்த ஐந்து நிமிஷங்களின் மேல்தான் அடுக்கி வைத்திருந்தாள்.

சாயங்காலம் எப்போதும்போலத் தண்ணீர் தூக்கினாள். நிறுத்திவிடலாமா என்று மூன்றாவது குடத்தில் தோன்றியது. செடி என்ன செய்யும், அதற்குத் தான் எந்த ஊர் என்று தெரியுமா என்று நினைத்துக்கொண்டு பதினான்கையும் ஊற்றினாள். மங்குஸ்தானிடம் வந்தபோது மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள். கடலோரத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கவேண்டிய மரம். தொட்டியின் அடி ஓட்டை வழியாக வேர் வெளியே வந்து, சிமென்ட் தரையில் இடம் தேடி, சுருண்டு காய்ந்திருந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. பாளையம் ஓடிப்போய்க் காலைச் சுற்றியது. தேவநாதன் கண்ணெல்லாம் சிவந்து, தாடி முளைத்து, ஒரு கையில் பையும் ஒரு கையில் கறுப்புக் கவருமாக உள்ளே வந்தான். பேரிக்காய்க் கன்று மாதிரி ஏதோ ஒன்று. குச்சி. பச்சை வெள்ளைக் கட்டம்.

“நாய்க்குக் காது இன்னா ஆச்சு?”

“சீழு வெச்சிடுச்சி. மருந்து போட்டாச்சி.”

“ஒண்ணும் இல்லியே? சரி, இத புடி. கொடைக்கானல் பேரி. இதுக்கு நான் பட்ட பேஜாரு இருக்குதே! ஒரு கெழவி. அவ தோட்டத்துல இது ஒண்ணுதான் கன்னு. குடுக்கவே மாட்டேன்னுட்டா. ‘எங்க வூட்ல ஒருத்தி இதுக்காகவே காத்துக்கினு இருப்பா, தாயே’ன்னு கெஞ்சினேன். பனி வேற. கையெல்லாம் மரத்துப்போச்சி.”

அவன் ரசித்துச் சொன்னான். கண்கள்கூடப் பளபளத்தன. நேற்று முன்தினம்வரை இந்தக் கண்களைப் பார்த்துத்தான் அவளுக்கு எல்லாக் கோபமும் கரையும்.

“அந்தம்மா பேரு இன்னா?” என்று கேட்டாள்.

“யாரு?”

“கன்னு குடுத்தவங்க.”

அவன் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் திணறி, கைக்கு அகப்பட்ட பெயரை எடுத்துச் சொன்னான். “பேரா… குப்பம்மா.”

“கொடைக்கானல்லயா?”

“ஏன், கொடைக்கானல்ல குப்பம்மா இருக்கக்கூடாதா?” என்று சிரித்தான். அவளும் சிரித்திருக்கவேண்டும். அந்த இடத்தில் எப்போதும் அவள் சிரிப்பாள். அது வராததால் அவன் தன் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான்.

“வா, மேல எடம் பாத்து வெச்சிட்டு வந்துரலாம்” என்று அவனே முன்னால் படியேறினான். அவள் வாசல் தொட்டியில் ஒரு குடத்தை மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். நாய் அவர்களுக்கு நடுவில்.

மாடியில் வெயில் ஏறியிருந்தது. தேவநாதன் இடுப்பில் கை வைத்துத் தொட்டிகளைப் பெருமையாகச் சுற்றிப் பார்த்தான். “ஊட்டி, மூணாறு, கொல்லிமல… எத்தினி ஊரு! யாரு வூட்ல இருக்குது இது மாதிரி? போன வாரம் ஒரு வாத்தியாரு குடும்பம் வண்டியில வந்துது. ஒன்னப் பத்தித்தான் சொல்லிக்கினு வந்தேன். என் சம்சாரம் ஊரு ஊரா சுத்த வேணாம் சார், எல்லா ஊரும் அவகிட்ட வந்துடும்னு சொன்னேன். அசந்துட்டாரு.”

“கொடத்தப் புடிங்க” என்றாள்.

“என்னாது?”

குடத்தை அவன் கையில் கொடுத்தாள். அவன் கை கனத்துக்குத் தயாராக இல்லை. தண்ணீர் அலம்பி அவன் சட்டையில் கொட்டியது. அவள் குனிந்து, புதுக் கன்றின் குச்சியிலிருந்து துணியை அவிழ்த்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழே வாசலில் ரோஜாவின் குரல் கேட்டது.

“வெண்ணிலாக்கா! இன்னைக்கு புதன். இன்னா முடிவு பண்ண? செண்பகம் வந்து குந்திக்கினு இருக்கிறா.”

“எதுக்குக் கூப்புடுறா?” என்றான் தேவநாதன்.

வெண்ணிலா கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, இரு என்று ரோஜாவுக்குக் கை காட்டினாள். திரும்பியபோது தேவநாதன் இன்னும் குடத்தோடு நின்றிருந்தான். எங்கே இறக்கி வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவன் மாடிக்கு ஒரு குடம்கூடக் கொண்டுவந்ததில்லை.

“அந்தப் புன்னைக்கு அரக் கொடம் ஊத்துங்க” என்றாள். “வேரு வெளிய வந்துடுச்சி. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்.”

“புன்னையா? எது?”

அவள் மங்குஸ்தானைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவன் முகத்திலிருந்து கொடைக்கானல் மெல்ல இறங்கிப் போனது. பாளையம் அவன் காலடியில் சிந்திய தண்ணீரை நக்கியது.

“வெண்ணிலா…” என்று தொடங்கினான்.

மாடிப்படியில் நான்கு வருஷமாகச் சொல்லிப் பார்த்தது இப்போது அவள் நினைத்ததைவிட மெல்லிய குரலில்தான் வந்தது. ஆனால் தடுக்காமல் வந்தது.

“இருபத்தாறாம் தேதியிலேர்ந்து அஞ்சு நாளு நீங்க வூட்ல இருங்க. நாய்க்குச் சோறு போட்டு, செடிக்குத் தண்ணி ஊத்துங்க. நான் குற்றாலத்துக்குப் போறேன்.”